கடைச் செர்ரி தக்காளி விதையிலிருந்து புது ரகம் எடுக்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கித் திரும்பச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறீர்கள். இருபது குரோ பேக் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய செர்ரி தக்காளியின் விதையைப் போட்டதில் ஏழு செடி வந்தது. ஐந்தில் சிவப்பு உருண்டைப் பழம், ஒன்றில் மஞ்சள், இன்னொன்றில் கொஞ்சம் நீளமான சிவப்புப் பழம். "இது புது ரகமா, பெயர் வைக்கலாமா, இதை வைத்து நானே ஒரு ரகம் உருவாக்க லேப் எதுவும் வேண்டுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மனசுக்குப் பிடித்த ஒரு செடி கிடைத்துவிட்டது. அதே பழம் அடுத்த போகத்திலும், அதற்கடுத்த போகத்திலும் மாறாமல் வர என்ன செய்வது? பயிர் இனப்பெருக்கம் படித்து, காய்கறிகளில் அந்த வேலையைப் பல வருடம் செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது இன்னும் ரகம் இல்லை, ஆனால் ரகத்துக்கான நல்ல கச்சாப் பொருள். லேப் வேண்டாம். டாம் வாக்னர் என்ற அமெரிக்கர் தக்காளிகளைத் தன் கையாலேயே கலந்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து 1983ல் வெளியிட்ட கிரீன் ஸீப்ரா இன்றைக்கும் உலகம் முழுக்க விதைக்கப்படுகிறது. வேண்டியது மூன்று வருடப் பொறுமை, பென்சிலும் நோட்டும், அப்புறம் நன்றாகக் காய்த்துக்கொண்டிருக்கும் செடியையும் வேண்டாம் என்று பிடுங்கிப்போடும் மனசு. இந்தக் கடைசி விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள்.

ஏழு செடி ஏன் மூன்று விதமாக வந்தது என்பதை முதலில் பார்ப்போம். கடையில் பெட்டியில் விற்கும் செர்ரி தக்காளியில் பெரும்பாலானவை வீரிய ஒட்டு ரகங்கள், அதாவது எஃப்1. இரண்டு வேறு வேறு தாய் தந்தையைக் கலந்து எடுத்த விதையை விவசாயி நடுகிறார். அந்த வயலில் எல்லாச் செடியும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் அந்தப் பழத்துக்குள் இருக்கும் விதை அடுத்த தலைமுறை, எஃப்2. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்து மறைந்திருந்த குணங்கள் இங்கேதான் பிரிந்து வெளியே வருகின்றன. பள்ளியில் பட்டாணிச் செடியை வைத்துப் படித்த அதே மெண்டல் கணக்குதான். ஆகவே, ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டால், உங்கள் ஏழு செடியும் எஃப்2 என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் சந்தேகம் இது. நீங்கள் வாங்கிய பெட்டியில் எல்லாப் பழமும் ஒரே நிறமா, அல்லது சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று கலந்திருந்ததா? இப்போது கலர் கலராகக் கலந்த பெட்டிகளும் விற்கிறார்கள். அப்படி இருந்தால் உங்கள் மஞ்சள் செடி, பெட்டியில் இருந்த மஞ்சள் ரகத்தின் பிள்ளையாகவே இருக்கலாம். பிரிந்து வந்தது என்று சொல்ல முடியாது. எல்லாமே சிவப்பு என்றால், அல்லது ஒரே ஒரு பழத்தின் விதையைத்தான் போட்டீர்கள் என்றால், மஞ்சள் வந்ததற்குப் பிரிதல்தான் காரணம். மேற்கொண்டு சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது நிலையை வைத்துத்தான்.

சிவப்பும் மஞ்சளும் எப்படி நடந்துகொள்கின்றன என்பது தக்காளியில் மிக உறுதியாகத் தெரிந்த விஷயங்களில் ஒன்று. சிவப்பு ஓங்கு பண்பு, மஞ்சள் ஒடுங்கு பண்பு. மஞ்சளுக்கான ஜீன் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இரண்டு பிரதி கிடைத்தால்தான் பழம் மஞ்சளாகும். எஃப்2ல் நாலில் ஒரு செடிக்கு அப்படிக் கிடைக்கும். ஏழில் ஒன்று மஞ்சள் என்பது அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. இதில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: மஞ்சளாகக் காய்த்த செடியில் சிவப்பு ஜீன் ஒளிந்திருக்க வழியே இல்லை. அது தன் மகரந்தத்தாலேயே காய்த்தால், அதன் பிள்ளைகள் எல்லாம் மஞ்சளாகத்தான் வரும். நிறத்தைப் பொறுத்தவரை அந்தச் செடி இன்றைக்கே நிலைத்துவிட்டது. சிவப்புச் செடிகளில் அப்படி இல்லை. மூன்றில் இரண்டு சிவப்புச் செடிகள் மஞ்சளை உள்ளே மறைத்து வைத்திருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சிவப்புச் செடியின் விதையில் பதினோரு செடியாவது வளர்த்துப் பார்த்து, ஒன்றுகூட மஞ்சளாக வராவிட்டால்தான் அது சுத்தச் சிவப்பு என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கையோடு சொல்லலாம்.

மஞ்சள் என்று நீங்கள் சொல்வது எலுமிச்சை மஞ்சளா, ஆரஞ்சா என்று ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பழத்தை வெட்டிப் பாருங்கள். ஆரஞ்சுக்கு வேறு ஜீன்கள். அதில் ஒன்று ஒடுங்கு பண்பு, இன்னொன்று ஓங்கு பண்பு. ஆரஞ்சு என்றால் மேலே சொன்ன உறுதியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பிள்ளைகளை வளர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீளப் பழத்தின் கதையும் அதுவே. பழத்தை நீளமாக்கும் ஜீன்களில் ஓவேட், சன் என்ற இரண்டு நன்றாக ஆராயப்பட்டவை. இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. உங்கள் நீளப் பழச் செடி நிலைத்ததா இல்லையா என்று நீங்கள் சொன்ன விவரத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது, படத்தைப் பார்த்தாலும் முடியாது. அதன் விதையைப் போட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

நிறத்தில் இன்னொரு அடுக்கும் உண்டு. சிவப்புப் பழத்தை அரை நிமிடம் வெந்நீரில் போட்டு எடுத்து, தோலை உரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தோல் மஞ்சளாகத் தெரிந்தால் அது சாதாரணச் சிவப்பு. தோல் கண்ணாடி மாதிரி நிறமில்லாமல் இருந்தால் வெளியே அந்தப் பழம் ரோஸ் நிறமாகத் தெரிந்திருக்கும். சதை இரண்டிலும் ஒரே சிவப்புதான், வித்தியாசம் தோலில் மட்டும். நிறமில்லாத தோலும் ஒடுங்கு பண்பு. கண்டுபிடித்த அன்றே நிலைத்தது. மஞ்சள் சதையும் நிறமில்லாத தோலும் ஒரே செடியில் சேர்ந்தால் பழம் வெளிறிய தந்த நிறத்துக்கு வரும். சந்தையில் அதிகம் பார்க்க முடியாத அழகான பழம் அது. வீட்டுத் தோட்டக்காரர் ஆசைப்பட வேண்டிய இலக்கு இந்த மாதிரியானதுதான் என்பது என் அபிப்பிராயம்: கண்ணால் பார்த்தே தெரிகிற, ஒடுங்கு பண்பாக இருக்கிற குணம்.

எத்தனை குணத்துக்கு ஆசைப்படலாம் என்பதைச் செடிகளின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. ஒரு ஒடுங்கு பண்பு வேண்டுமென்றால் எஃப்2ல் நாலில் ஒன்று; 11 செடி வளர்த்தால் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 95 சதவீதம். இரண்டு பண்பு சேர்ந்து ஒரே செடியில் வேண்டுமென்றால் பதினாறில் ஒன்று. அதே நம்பிக்கைக்கு 47 செடி வேண்டும். மூன்று என்றால் அறுபத்து நான்கில் ஒன்று, 191 செடி. இருபது பை வைத்திருக்கும் உங்களுக்கு இரண்டு குணம்தான் எல்லை. மூன்றாவது, நான்காவது ஆசையெல்லாம் தானாக அமைந்தால் சந்தோஷம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இருபது பையில் எப்படி 47 செடி என்று கேட்பீர்கள். இங்கே நோக்கம் விளைச்சல் இல்லை, பழத்தைப் பார்ப்பது. பெரிய பையில் இரண்டு செடி நட்டு, பக்கக் கிளைகளைக் கிள்ளி ஒற்றைத் தண்டாகக் குச்சியில் கட்டுங்கள். இரண்டு பூங்கொத்து வந்ததும் அதற்கு மேல் இரண்டு இலை விட்டு நுனியைக் கிள்ளிவிடுங்கள். நிறம், வடிவம், அளவு, சுவை எல்லாம் அந்த இரண்டு கொத்திலேயே தெரிந்துவிடும், விதையும் தேவைக்கு மேல் கிடைக்கும். முதல் பழத்தைத் தின்று பார்த்து வேண்டாம் என்று தோன்றினால் அன்றே பிடுங்கிவிடலாம், இடம் காலியாகும். அண்ணன் வீட்டு மாடி, பக்கத்து வீட்டுக் கொல்லை என்று பகிர்ந்து நட்டால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் கிரெய்க் லெஹூலியரும் ஆஸ்திரேலியாவில் பட்ரீனா நஸ்க் ஸ்மாலும் சேர்ந்து ஆரம்பித்த குட்டைத் தக்காளித் திட்டம் இப்படித்தான் நடந்தது. பழைய ரகங்களைக் குட்டைச் செடிகளோடு கலந்து, விதையைப் பல ஊர்த் தோட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இங்கே குளிர்காலம் என்றால் அங்கே கோடை என்பதால் ஒரே வருடத்தில் இரண்டு தலைமுறை எடுக்க முடிந்தது. நூற்றுக்கு மேல் ரகங்கள் அதிலிருந்து வெளிவந்துவிட்டன. பங்கெடுத்தவர்களில் பெரும்பாலானோர் விஞ்ஞானிகள் இல்லை, சாதாரண வீட்டுத் தோட்டக்காரர்கள்.

நமக்கு அந்த அரைக்கோள வித்தை தேவையில்லை. சமவெளியில் ஆடிப்பட்டத்தில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு தலைமுறை தாராளமாக வரும். ஒவ்வொரு தலைமுறையிலும் செடி தன்னைத்தானே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும்போது, நிலைக்காமல் ஊசலாடும் ஜீன்கள் பாதியாகக் குறையும். எஃப்2ல் 50 சதவீதம், எஃப்3ல் 25, எஃப்4ல் 12.5, எஃப்5ல் சுமார் 6, எஃப்6ல் 3. எஃப்6, எஃப்7 வரும்போது ஒரே பழத்திலிருந்து எடுத்த விதைகள் பார்வைக்கு ஒன்றுபோல வரும். அதைத்தான் ரகம் என்று சொல்லத் துணியலாம். புதிதாகக் கலப்பு செய்து ஆரம்பிப்பவருக்கு எஃப்6 பழத்தைப் பார்க்க ஏறத்தாழ மூன்று வருடம் ஆகும். உங்களிடம் எஃப்2 ஏற்கெனவே காய்த்து நிற்பதால் ஒரு வருடம் மிச்சம்.

நடைமுறையில் ஒவ்வொரு போகத்திலும் செய்ய வேண்டியது இது. பிடித்த இரண்டு அல்லது மூன்று செடியைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனியாக எடுங்கள், எந்தக் காரணம் கொண்டும் கலக்காதீர்கள். அடுத்த போகத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் ஆறு முதல் பத்து செடி ஒரு குடும்பமாக நடுங்கள். முதலில் குடும்பங்களை ஒப்பிடுங்கள், பிறகு நல்ல குடும்பத்துக்குள் நல்ல செடியைத் தேடுங்கள். மொத்தத்தில் சுமாராக இருக்கும் குடும்பத்தில் ஒரே ஒரு செடி மட்டும் அபாரமாகக் காய்த்தால், அது பெரும்பாலும் பையின் மண்ணோ வெயிலோ கொடுத்த அபாரம், விதையில் வராது. பத்தில் ஏழெட்டு செடி நன்றாக இருக்கும் குடும்பத்தை நம்புங்கள்.

தக்காளிப் பூ பெரும்பாலும் தன்னைத்தானே சேர்த்துக்கொள்ளும் என்றாலும், செர்ரி வகைகள் சிலவற்றில் சூலகமுடி, அதாவது மகரந்தத்தை வாங்கும் பெண் நுனி, மகரந்தப்பைக் கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மாதிரிப் பூவில் பக்கத்துச் செடியின் மகரந்தம் வந்து விழ வாய்ப்பு உண்டு. தேனீக்கு இந்தப் பூவை உலுக்கத் தெரியாது. ரீங்காரமிட்டு உலுக்குவது கருநிறத் தச்சுத் தேனீயும் நீலப் பட்டை போட்ட சிறு தேனீயும். மாடியில் காலை நேரத்தில் கவனித்தால் பார்க்கலாம். விதைக்கு ஒதுக்கும் கொத்தை மொட்டு விரிவதற்கு முன்பே மெல்லிய வலைப்பையால் மூடிவிடுங்கள். விசேஷ வீடுகளில் ரிட்டர்ன் கிஃப்ட் போட்டுத் தருகிற வலைத்துணிப் பை இதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். தினமும் காலையில் கொத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் போதும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு காம்பில் கலர் நூல் கட்டுங்கள்.

இதுவரை சொன்னது கையில் இருப்பதைப் பிரித்தெடுப்பது. நீங்களாக ஒரு கலப்பு செய்ய ஆசைப்பட்டால் அதுவும் வீட்டிலேயே முடியும். நான் சிபாரிசு செய்வது ஒட்டு இல்லாத, நிலைத்த ஒரு செர்ரி தக்காளியையும் நம் மண்ணுக்குப் பழகிய ஒரு தூய ரகத்தையும் சேர்ப்பது. பெரியகுளத்தில் அன்னஞ்சி என்ற உள்ளூர் வகையிலிருந்து எடுத்த பி.கே.எம். 1 இதற்கு நல்ல தாய். அது ஒட்டு ரகம் இல்லை, விதை மாறாமல் வரும். புதராக வளர்ந்து நிற்கும், கொடி மாதிரி ஓடாது. இந்தப் புதர்த்தன்மை ஒடுங்கு பண்பு என்பதால் ஒரு சௌகரியம்: பி.கே.எம். 1ஐத் தாயாக வைத்து, கொடியாக ஓடும் செர்ரியின் மகரந்தத்தைப் போட்டால், பிறக்கும் செடி கொடியாக ஓட வேண்டும். புதராகவே நின்றால் கலப்பு நடக்கவில்லை, தாய் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிட்டது என்று தெரிந்துவிடும். ஒடுங்கு பண்பு உள்ளதைத் தாயாக வை என்பது இந்த வேலையில் பழைய விதி.

கலப்பைப் பக்கத்தில் நின்று பார்ப்பது போலச் சொல்கிறேன். தாய்ச்செடியில் நாளைக்கு விரியப்போகும் மொட்டைத் தேடுங்கள். இதழ்கள் பச்சையிலிருந்து வெளிர் மஞ்சளுக்கு மாறி, நுனி லேசாகப் பிரிய ஆரம்பித்திருக்கும், ஆனால் விரிந்திருக்காது. விரிந்துவிட்டால் தாமதம், மகரந்தம் உள்ளே கொட்டியிருக்கும். மெல்லிய முனையுள்ள ட்வீசரால் இதழ்களை விலக்கினால் நடுவில் மகரந்தப்பைகள் ஒட்டிச் சேர்ந்த கூம்பு தெரியும். அந்தக் கூம்பின் பக்கவாட்டில், அடிப்பக்கமாக முனையைச் செருகி, கிழித்து மேலே இழுங்கள். இதழும் கூம்பும் சேர்ந்தே கழன்று வரும். மிஞ்சுவது பச்சைப் பாசிமணியில் குத்தி நிறுத்திய ஊசி மாதிரி இருக்கும்: மணி சூலகம், ஊசி சூல்தண்டு. சூல்தண்டு வளைந்துவிட்டாலோ கீறிவிட்டாலோ அந்தப் பூவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பூவின் அடியில் இருக்கும் பச்சைப் புல்லிகளில் இரண்டு மூன்றைப் பாதியில் கத்தரித்துவிடுங்கள். லேபிள் விழுந்துபோனாலும் பழம் பழுக்கும்போது கத்தரித்த புல்லி காட்டிக்கொடுக்கும். அதே கொத்தில் இருக்கும் மற்ற மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள்.

தந்தைச் செடியில் அன்று காலை நன்றாக விரிந்த பூவை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் பறித்து, கூம்பை ஊசியால் பிளந்தால் உள்பக்கம் மாவு போல மகரந்தம் இருக்கும். கறுப்புக் காகிதத்தில் தட்டினால் நன்றாகத் தெரியும். அதைச் சூல்தண்டின் நுனியில் மெதுவாகத் தொட்டு வையுங்கள். அன்றும் மறுநாளும் இரண்டு முறை செய்தால் பிடிக்கும் வாய்ப்பு கூடும். வலைப்பையால் மூடிவிடுங்கள். ஒரு வாரத்தில் சூலகம் பருத்தால் வெற்றி. மஞ்சளாகிக் காம்போடு உதிர்ந்தால் இல்லை. எல்லாப் பூவும் பிடிக்காது, கை பழகினவர்களுக்கும் உதிரும். நாலைந்து பூவிலாவது செய்யுங்கள். ஒரு பழம் பிடித்தாலே தேவைக்கு மேல் விதை கிடைக்கும், ஏனென்றால் எஃப்1ல் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் ஒன்றிரண்டு செடி வளர்த்தால் போதும். இடத்தையெல்லாம் எஃப்2க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கலப்பில் பலருக்கு ஏமாற்றம் தருவது பழத்தின் அளவு. 10 கிராம் செர்ரியையும் 80 கிராம் நாட்டுத் தக்காளியையும் கலந்தால் நடுவில் 45 கிராம் வரும் என்று நினைப்போம். வராது. சிறிய பழத்தின் பக்கமே சாயும், ஏறக்குறைய 28 கிராமில் நிற்கும். அளவைத் தீர்மானிக்கும் ஜீன்கள் கூட்டல் கணக்கில் இல்லாமல் பெருக்கல் கணக்கில் வேலை செய்வதுதான் காரணம். அளவுக்குப் பல ஜீன்கள் உண்டு. அதில் பெரிய பங்குள்ள ஒன்றைக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் டாங்க்ஸ்லியின் குழு 2000ல் அடையாளம் கண்டது. பல ஜீன் என்பதால் எஃப்2ல் பழைய 10 கிராம் பழம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். உங்களுக்குச் செர்ரி அளவுதான் முக்கியம் என்றால் எஃப்1ஐ மறுபடி செர்ரியோடு ஒருமுறை கலந்துவிடுங்கள். பழம் 17 கிராம் அளவுக்கு இறங்கும், அதற்குப் பிறகு தேர்வு சுலபம். ஒரு போகம் அதிகம் ஆகும், ஆனால் பயன் உண்டு.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவற்றுக்கு வருகிறேன். முதலாவது சுவை. சர்க்கரை, புளிப்பு, வாசனை மூன்றும் சேர்ந்ததுதான் தக்காளிச் சுவை. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீ குழு 2017ல் வெளியிட்ட ஆய்வு, நல்ல சுவைக்குப் பின்னால் எத்தனையோ ஆவியாகும் வேதிப்பொருட்கள் இருக்கின்றன, நவீன ரகங்களில் அவற்றில் பல குறைந்துபோயின என்று காட்டியது. இவ்வளவு ஜீன்கள் சம்பந்தப்பட்ட குணத்தை நாலில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று கணக்குப் போட முடியாது. நாக்குதான் கருவி. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி வாங்கலாம், பிரிக்ஸ் அளவை, அதாவது சாற்றில் ஏறக்குறைய எவ்வளவு சர்க்கரை என்பதைக் காட்டும். நல்ல செர்ரிக்கு 7க்கு மேல், சமையல் தக்காளிக்கு 4, 5 என்று இருக்கும். ஆனால் அதே செடியில் மழைக்கு மறுநாள் எடுத்த அளவு இறங்கும், இரண்டு நாள் தண்ணீர் குறைத்தால் ஏறும். ஒரே நாளில், ஒரே அளவு பழுத்த பழத்தில், ஒரே நேரத்தில் எல்லாச் செடியையும் ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். வீட்டில் உள்ளவர்களுக்கு எந்தச் செடி என்று சொல்லாமல் நம்பர் போட்ட கிண்ணத்தில் கொடுத்து மார்க் போடச் சொல்வது அதைவிட நம்பகமானது.

சுவையில் இன்னொன்றையும் எதிர்பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கிய எஃப்1 பழத்தின் சுவை அப்படியே நிலைத்த ரகமாகக் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஜப்பானின் டோக்கிட்டா நிறுவனம் 1992ல் கொண்டுவந்த சன்கோல்ட் என்ற ஆரஞ்சு செர்ரியின் சுவைக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. அதன் விதையைச் சேமித்துப் பிரித்தெடுக்க எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அசல் பழத்தை நகலெடுக்கும் எண்ணத்தோடு இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உங்களுக்குப் பிடித்த வேறொன்று கிடைக்கும் என்ற எண்ணத்தோடு இறங்குங்கள்.

இரண்டாவது, வெயில். பகலில் 35 டிகிரியும் இரவில் 24 டிகிரியும் தாண்டினால் பெரும்பாலான தக்காளியில் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். திருச்சியில் சித்திரை வைகாசியில் பூ பூத்துக் காயே பிடிக்காமல் போவதற்கு உங்கள் கவனிப்பில் குறை காரணமில்லை. இந்தச் சூட்டைத் தாங்கும் குணமும் பல ஜீன்களால் ஆனது, ஒற்றைச் செடியில் பார்த்து நம்ப முடியாது. எஃப்4 வந்த பிறகு, கையில் இருக்கும் நாலைந்து குடும்பங்களைத் தையில் விதைத்து, சித்திரையில் எந்தக் குடும்பம் முழுதாகக் காய் பிடிக்கிறது என்று பாருங்கள். நம் ஊருக்கென்று ஒரு செர்ரி ரகம் செய்வதென்றால் என் மனசு இந்த ஒரு குணத்தில்தான் நிற்கிறது. குளிர்நாட்டுக் கண்ணாடிக் கூடத்துக்காகச் செய்த ஒட்டு ரகங்கள் நம் மாடியில் பங்குனிக்கு மேல் தவிக்கின்றன. கோடையிலும் ஒரு கைப்பிடி பழம் கொடுக்கும் செர்ரியை இங்கே வாழ்கிறவர்கள்தான் பொறுக்கி எடுக்க முடியும், ஏனென்றால் தேர்வு செய்யும் வெயில் இங்கேதான் இருக்கிறது. ஐப்பசி மழையில் தோல் வெடிக்காமல் நிற்பதும் அப்படித்தான். மழைக்கு மறுநாள் காலை கொத்துக் கொத்தாக எண்ணிப் பார்த்து எழுதி வையுங்கள்.

மூன்றாவது, நோய். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ்தான் நம் மாடிகளில் முதல் எதிரி. பத்துச் செடி சுருண்டு ஒன்று மட்டும் தப்பினால் அது எதிர்ப்புச் சக்தி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஈ அதன் மேல் உட்காராமல் போயிருக்கலாம். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா ரக்‌ஷக் மாதிரியான ரகங்களை உருவாக்கும்போது நோயை வேண்டுமென்றே பரவவிட்டும் டி.என்.ஏ. அடையாளங்களை வைத்தும் சோதிக்கிறார்கள். அது வீட்டில் முடியாது. வீட்டில் முடிவது ஒன்று: சுருண்ட செடியிலிருந்து விதை எடுக்காமல் இருப்பதும், அதை உடனே அப்புறப்படுத்துவதும். தப்பித்த செடியின் குடும்பம் அடுத்தடுத்த போகங்களிலும் தப்பித்துக்கொண்டே வந்தால் அப்போது நம்பிக்கை வைக்கலாம்.

வெளிநாட்டு ரகங்களைப் படத்தில் பார்த்துவிட்டு அங்கே இருக்கும் சொந்தக்காரரிடம் கவரில் போட்டு அனுப்பச் சொல்வது இப்போது சகஜமாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். பயிர்த் தனிமைப்படுத்தல் ஆணை, 2003ன்படி இறக்குமதி அனுமதியும் விதையில் நோயில்லை என்ற நலச் சான்றும் இல்லாமல் விதை கொண்டுவருவது சட்டவிரோதம். அதைவிட முக்கியம், இஸ்ரேலில் 2014ல் முதலில் கவனிக்கப்பட்டு இன்று பல நாடுகளுக்குப் பரவிவிட்ட தக்காளிப் பழச் சொரசொரப்பு வைரஸ் விதை மூலமாகவும் வரும். ஒரு கவர் விதைக்காக நம் விவசாயிகளின் தலையில் அதைக் கட்டக் கூடாது. உள்ளூர் விதைத் திருவிழாக்களிலும் விதைப் பரிமாற்றக் குழுக்களிலும் இப்போது போதுமான நிறங்கள் கிடைக்கின்றன.

பெயர் வைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். நோட்டில் இன்றைக்கே வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் விதையை அடுத்தவருக்கு ரகம் என்று சொல்லிக் கொடுக்க மூன்று தகுதி வேண்டும்: இருப்பவற்றிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும், செடிக்குச் செடி ஒன்றுபோல இருக்க வேண்டும், தலைமுறை மாறினாலும் மாறக் கூடாது. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001 பார்ப்பதும் இவற்றைத்தான். அந்தச் சட்டம் பதிவு செய்யப்பட்ட ரகங்களைக்கூடப் புது ரகம் உருவாக்கும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது, ஆகவே கடைப் பழத்திலிருந்து ஆரம்பித்தோமே என்று கவலைப்படத் தேவையில்லை. பாக்கெட் போட்டு விற்பதற்குத் தனியாக உரிமம் வேண்டும். அது வேறு விஷயம். எஃப்3, எஃப்4 விதையைப் பகிரும்போது "இன்னும் பிரிந்துகொண்டிருக்கிறது" என்று எழுதிக் கொடுங்கள், வாங்குகிறவரும் தேர்வில் சேர்ந்துகொள்வார்.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். மஞ்சள் செடியிலும் நீளப் பழச் செடியிலும் இனி வரும் ஒரு கொத்தைப் பையால் மூடுங்கள். ஏற்கெனவே பழுத்த பழங்களில் விதை எடுப்பதானால், நன்றாகக் கனிந்ததைப் பிதுக்கி, சாற்றோடு ஒரு டம்ளரில் ஒன்றரை இரண்டு நாள் புளிக்க விடுங்கள். நம் சூட்டில் அதற்கு மேல் போனால் விதை உள்ளேயே முளைக்க ஆரம்பித்துவிடும். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு கழன்றதும் வடிகட்டிக் கழுவி, பேப்பரில் போடாமல் பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்துங்கள், பேப்பரில் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது கஷ்டம். காகிதக் கவரில் செடி எண், தலைமுறை, தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும். கவர்களை ஒரு பாட்டிலில் போட்டு இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் பல வருடம் முளைப்புத் திறன் குறையாது. ஐந்து சிவப்பு உருண்டைகளில் எது அதிக ருசி என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து தீர்மானித்து, அந்த ஒன்றிலிருந்து மட்டும் மூன்றாவது கவரும் எடுத்து வையுங்கள். மற்ற நாலு செடியின் பழத்தைச் சாலட்டில் போட்டுச் சாப்பிடலாம், விதை வேண்டாம்.